பழைய காலணாவில் பிழை தெரிகிறதா? அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் வழி

நாணயக் கண்காட்சிகளில் என் மேசைக்கு வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இது பிழை நாணயம், எவ்வளவுக்குப் போகும்?" நீட்டுவது அநேகமாக 1835க்கும் 1947க்கும் இடைப்பட்ட பிரிட்டிஷ் இந்திய நாணயமாக இருக்கும். பத்தில் ஒன்பதில் பிழை எதுவும் இருப்பதில்லை. தேய்மானம், அடி, அழுக்கு, தட்டான் வேலை, அல்லது அந்த நாணயம் இயல்பாகவே அப்படித்தான் என்பது தெரியாமை, இவற்றில் ஏதோ ஒன்றுதான் காரணம்.

உங்கள் நாணயத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் சாதாரண காரணத்தை முதலிலும் விலை போகும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மாற்றாதீர்கள். கடைசிக் காரணத்திலிருந்து தொடங்குபவர்கள்தான் ஏமாறுகிறார்கள், அல்லது பிறரை ஏமாற்றுகிறார்கள்.

எல்லாத் தலைப்புக்கும் பொருந்தும் ஒரு விதி உண்டு. அச்சிலேயே இருந்த கோளாறு, அந்த அச்சில் அடித்த நாணயங்கள் எல்லாவற்றிலும் அதே இடத்தில் வரும். ஆகவே "அச்சு வேறுபாடு" என்று சொல்ல வேண்டுமானால் அதே கோளாறுள்ள இரண்டாவது நாணயத்தைக் காட்ட வேண்டும். அடிக்கும்போது நேர்ந்த பிழை ஒரே ஒரு நாணயத்தில் மட்டும் இருக்கலாம். புழக்கத்தில் பட்ட அடிக்கு ஜோடி கிடைக்கவே கிடைக்காது.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

தேவையானவை: நகைப் பட்டறையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, சிறு காந்தம், சாய்வாக வெளிச்சம் அடிக்கும் மேசை விளக்கு, அதே ஆண்டு அதே மதிப்பில் சாதாரண நாணயம் ஒன்று. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் ஒன்று இல்லாமல் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது.

எடை போடுங்கள். வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அரை ரூபாய் 5.83, கால் ரூபாய் 2.92, வெள்ளி இரண்டணா 1.46. செம்புக் காலணா 6.47 கிராம், பின்னர் வந்த வெண்கலக் காலணா 4.85. நன்றாகத் தேய்ந்த ரூபாயில் இரண்டு மூன்று சதவீதம் குறைவது சகஜம். எடை கூடுவது சகஜமல்ல.

காந்தத்தைக் காட்டுங்கள். செம்பு, வெண்கலம், வெள்ளி எதுவும் ஒட்டக் கூடாது. ஒரு விதிவிலக்கு: 1946, 1947 தேதியிட்ட, புலி உருவம் உள்ள கால் ரூபாய், அரை ரூபாய், 1947 ரூபாய் ஆகியவை சுத்த நிக்கல். அசல் ஒட்டும், ஒட்டாவிட்டால்தான் சந்தேகம்.

கழுவாதீர்கள். புளி, எலுமிச்சை, பாத்திரம் தேய்க்கும் பொடி, பற்பசை எதுவும் வேண்டாம். புளியில் ஊறிய காலணா பளபளக்கும்; ஆனால் அச்சு அடித்தபோது உலோகம் ஓடிய நுண்ணிய தடங்கள் அதோடு போய்விடும். அந்தத் தடங்கள்தான் பிழைக்குச் சாட்சி. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

அறிகுறி: எழுத்தோ எண்ணோ இரட்டையாகத் தெரிகிறது

மிக அதிகமாக வருவதும், மிக அதிகமாகத் தவறாக விற்கப்படுவதும் இதுதான். நிதானமாகப் பாருங்கள்.

முதல் சோதனை, இரட்டிப்பின் உயரம். விளக்கைச் சாய்த்து, லென்ஸில் ஓர் எழுத்தை மட்டும் பாருங்கள். இரண்டாவது உருவம் தட்டையாக, மழித்துவிட்டது போல் மினுங்கி, முதல் எழுத்தைவிடத் தாழ்வாக ஒரு படிக்கட்டு மாதிரி நிற்கிறதா?

ஆம் என்றால், அது இயந்திர இரட்டிப்பு. அடித்து முடித்த கணத்தில் அச்சு லேசாக அசைந்து, நிமிர்ந்து நின்ற எழுத்தின் ஓரத்தை அமுக்கிவிட்டது. அடையாளம்: எழுத்தின் மேல்பகுதி சாதாரண நாணயத்தில் இருப்பதைவிட ஒல்லியாகிவிடும், உலோகம் கூடுவதில்லை, நகர்கிறது. எல்லா எழுத்தும் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். இதற்குக் கூடுதல் விலை இல்லை. விற்பவர் இதைத்தான் "டபுள் டை" (இரட்டை அச்சு) என்று சொல்லி விலை ஏற்றுகிறார்.

இல்லை, இரண்டாவது உருவமும் முதலாவதைப் போலவே உருண்டு நிமிர்ந்திருக்கிறது என்றால் அடுத்த கேள்வி: எத்தனை எழுத்தில்?

ஆண்டின் ஒரே ஓர் எண்ணில் மட்டும் என்றால், அந்த எண்ணை அச்சில் கையால் தட்டிப் பதித்தபோது முதல் முறை இடம் தவறி, மறுபடி பதித்திருக்கிறார்கள். முழு அச்சையும் புதிதாகச் செய்யாமல் ஆண்டின் கடைசி எண்களை மட்டும் தட்டிப் பதிக்கும் வழக்கம் அப்போது இருந்ததால் இப்படி நேர்வது இயல்பு. அடியில் தெரிவது அதே எண்ணா, வேறு எண்ணா என்று பாருங்கள். வேறு எண் என்றால், பழைய ஆண்டின் அச்சை அடுத்த ஆண்டுக்குத் திருத்தியிருக்கிறார்கள். சேகரிப்பாளர்கள் நல்ல விலை தருவது இதற்குத்தான். ஆனால் அடி எண்ணின் குறைந்தது இரண்டு பகுதிகளாவது தனித்தனியே அடையாளம் தெரிய வேண்டும். 8க்குள் ஒரு புள்ளி தெரிவதை வைத்துக்கொண்டு "8க்கு அடியில் 7" என்பது கற்பனை.

பல எழுத்துகளில், மூலைகளில் தெளிவான பிளவோடு, எழுத்து மொத்தத்தில் அகன்று தெரிந்தால் அது அச்சுத் தயாரிப்பின்போதே நேர்ந்த இரட்டிப்பு. இப்போது இரண்டாவது நாணயத்தைத் தேடுங்கள். ஏல நிறுவனங்களின் பழைய படங்களில் அதே ஆண்டை எடுத்து, அதே எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கிடைத்தால் உங்கள் கையில் இருப்பது உண்மையான வேறுபாடு.

விளிம்போரத்து எழுத்துகள் மட்டும் கலங்கி, ஓரத்தை நோக்கி வழிந்தாற்போல் இருந்தால் அச்சு தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். காலணாக்களில் நிறையப் பார்க்கலாம்.

நிபுணரிடம் போக வேண்டிய கட்டம்: அடி எண் வேறு என்று நீங்கள் நம்பி, அட்டவணைகளில் அது இல்லாதபோது.

அறிகுறி: எழுத்தோ ஆண்டோ பாதி காணவில்லை

சுற்றியுள்ள தலையும் முடியும் கூர்மையாக இருக்கின்றனவா? இல்லையென்றால் தேய்மானம். முடிந்தது.

தலை கூர்மை, ஆனால் ஓர் எழுத்து மட்டும் மங்கல் என்றால் அச்சின் பள்ளத்தில் எண்ணெயும் தூசியும் அடைத்திருக்கும். பள்ளம் அடைந்தால் அந்த எழுத்து எழும்பாது. மங்கிய இடத்தின் பரப்பு சுற்றியுள்ள தளத்தைப் போலவே இயற்கையாக இருக்க வேண்டும். அங்கே மட்டும் கோடுகளோ பளபளப்போ தெரிந்தால் யாரோ வழித்திருக்கிறார்கள். அடைபட்ட அச்சு அசல் பிழைதான், ஆனால் மலிவான பிழை. முழு ஆண்டும் இல்லாமல் மற்ற எல்லாம் சுத்தமாக இருந்தால் ஓரளவு கேட்கலாம்.

1808 தேதியிட்ட 10, 20 காசு செம்பு நாணயங்களில் இந்த அறிகுறி தனி ரகம். பர்மிங்காம் அருகே சோஹோவில் மெட்ராஸ் மாகாணத்துக்காக அடிக்கப்பட்ட இவற்றை ஏற்றி வந்த "அட்மிரல் கார்ட்னர்" கப்பல் 1809ல் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அவற்றை அள்ளி எடுத்தார்கள். புழக்கத்துக்கே வராத நாணயம் என்பதால் சிங்கம் கூர்மையாக இருக்கும். ஆனால் உப்பு அரித்துப் பரப்பெல்லாம் பொடிப் பொடிக் குழியாக இருக்கும். எழுத்து விட்டுப்போனது கடல் நீரால்தான்.

அறிகுறி: கோடோ கட்டியோ தெரிகிறது

நகத்தால் அல்ல, லென்ஸால் பாருங்கள். கோடு பள்ளமா, மேடா?

பள்ளம் என்றால் கீறல். மேடு என்றால் அச்சில் விரிசல் விழுந்து, அதற்குள் உலோகம் புகுந்து எழும்பியிருக்கிறது. அசல் விரிசல் நேர்க்கோடாக ஓடாது. நதி வரைபடம்போல் வளைந்து, பெரும்பாலும் விளிம்பில் தொடங்கி எழுத்துகளின் ஊடே போகும். எழுத்தின் மேலும் ஏறியிறங்கும்.

விளிம்பை ஒட்டி உருவமே இல்லாத ஒரு மேட்டுத் திட்டு என்றால் அச்சின் ஓரம் உடைந்து விழுந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் அதே இடத்துக்கு நேராக எழுத்து மங்கியிருக்க வேண்டும். அங்கே போக வேண்டிய உலோகம் இந்தக் குழியை நிரப்பப் போய்விட்டது. எதிர்ப்பக்கம் முழுக் கூர்மையாக இருந்தால் ஈயம் வைத்து ஒட்டியிருக்கலாம், எடையைப் பாருங்கள்.

ராணியின் முகத்துக்கு முன்னால் மங்கலான இலை வளைவுகள் தெரிகின்றனவா? நடுவில் நாணயத் தகடு இல்லாமலே இரு அச்சுகளும் மோதியதால் பூப்பக்கத்து மாலை தலைப்பக்க அச்சில் பதிந்துவிட்டது. இலை இடவலம் மாறிய கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். விலை சிறிது, பார்க்க அழகு.

அறிகுறி: இரு பக்கமும் தலை

இரண்டாவது தலை மேடாகவா, குழியாகவா?

குழியாக, இடவலம் மாறி இருந்தால் நல்ல செய்தியாக இருக்கலாம். அடித்த நாணயம் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த தகட்டின் மேல் அதுவே அச்சாக வேலை செய்திருக்கிறது. நம் வியாபாரிகள் இதை "லக்கி" என்பார்கள். சோதனை இதுதான்: குழிவான பக்கத்தில் அசல் பூப்பக்கத்தின் சுவடு துளியும் இருக்கக் கூடாது. மாலையின் ஓர் இலை, "ரூபீ" என்ற ஆங்கிலச் சொல்லின் ஒரு கால், நசுங்கிய ஓர் எண், எது தெரிந்தாலும் இரண்டு நாணயங்களை வைஸில் (பட்டறை இடுக்கியில்) வைத்து நெருக்கியிருக்கிறார்கள். வைஸில் நெருக்கியதில் மேடான பக்கமும் எங்கேயாவது தட்டையாகியிருக்கும்.

இரண்டாவது தலை மேடாகவே, நேராகவே இருந்தால் கிட்டத்தட்ட நிச்சயமாகப் பட்டறை வேலை. ஒரு நாணயத்தைக் கடைந்து கிண்ணமாக்கி, இன்னொன்றைச் சீவி அதற்குள் உட்கார வைப்பது வழக்கம். இணைப்பு விளிம்பில் இருக்காது, விளிம்புக்குச் சற்று உள்ளே, எழுத்துகளுக்கு வெளியே வட்டமாக ஓடும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரியும். விரல் நுனியில் நிறுத்திப் பேனாவால் தட்டினால் அசல் ரூபாய் நீளமாக ரீங்கரிக்கும். ஒட்டு ரூபாய் "டக்" என்று அடங்கிவிடும். ஒருமுறை பெரியவர் ஒருவர் விக்டோரியா இருதலை ரூபாயோடு வந்தார். சூதாட்டத்தில் பாட்டனார் ஜெயித்த ராசிக் காசாம். தட்டிக் காட்டியதும் அவரே சிரித்துவிட்டார்: "அப்படியென்றால் தாத்தா ஜெயித்தது ராசியால் இல்லை."

நிபுணர்: வெள்ளியில் முழுமையான லக்கி என்று தோன்றினால், விற்கும் முன் கட்டாயம்.

அறிகுறி: விளிம்பு கடித்தாற்போல் இருக்கிறது

கடித்த முகத்தை லென்ஸில் பாருங்கள். அரத்தின் இணைகோடுகள் தெரிந்தால் வெட்டியிருக்கிறார்கள். வெள்ளியை விளிம்பில் சுரண்டுவது பழைய தொழில்.

கோடுகள் இல்லை, வளைவு வழவழப்பாக இருக்கிறது, பக்கத்து எழுத்துகள் கடித்த இடத்தை நோக்கி இழுபட்டு மெலிந்திருக்கின்றன என்றால் எதிர் விளிம்பைப் பாருங்கள். கடித்த இடத்துக்கு நேர் எதிரே விளிம்புத் திண்டு மங்கியிருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால், தகடு வெட்டும்போதே முந்தைய துளையின் மேல் கத்தி விழுந்திருக்கிறது, அசல் பிழை. செம்பில் இது அவ்வப்போது வரும். வெள்ளி ரூபாய்த் தகடுகளை எடை பார்த்துக் கழித்ததால் அங்கே அபூர்வம். எனவே ரூபாயில் கண்டால் இருமடங்கு சந்தேகப்படுங்கள்.

விளிம்பில் மட்டும் சிறு நசுங்கலும், அங்கே விளிம்புக் கோடுகள் வழுவழுப்பாக ஆகியும் இருந்தால் வளையம் பற்றவைத்துக் கழற்றிய இடம். நம் ஊர் ரூபாய்களில் பாதி, கழுத்தில் தொங்கியவைதாம்.

அறிகுறி: விளிம்பைச் சுற்றி நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது

1940 முதல் 1945 வரையிலான ஆறாம் ஜார்ஜ் ரூபாயா? அப்படியானால் அது பாதுகாப்பு விளிம்பு. வெள்ளியை 50 சதவீதமாகக் குறைத்தபோது கள்ள நாணயத்தைத் தடுக்க வேண்டுமென்றே செய்தது. பிழையல்ல.

பள்ளத்துக்குப் பதில் மேடான ஒரே கோடு, நடுவில், கோணல் மாணலாக ஓடினால் இரு பாதி வார்ப்பில் ஊற்றிய போலி.

அறிகுறி: உருவம் நடுவில் இல்லை

கையால் அடித்த காலத்து நாணயமா? மெட்ராஸில் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த ஆற்காடு ரூபாய்களிலும், பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் பிறைக்குறியோடு அடித்தவற்றிலும் அச்சு தகட்டைவிடப் பெரியது. பாரசீக எழுத்தில் ஒரு பகுதிதான் விழும். இரண்டு நாணயம் ஒன்றுபோல் இருக்காது. பிழை என்று பேச இடமில்லை.

1835க்குப் பிந்தைய இயந்திர நாணயம் என்றால், ஒரு பக்கம் மட்டும் விலகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் ஓர் அச்சு மட்டும் சரியாக உட்காரவில்லை. விலை மிகக் குறைவு. இரு பக்கமும் ஒரே திசையில் விலகி, ஒரு பக்கம் பிறை வடிவில் வெறுமையாக இருந்தால் தகடு முழுவதும் உள்ளே போவதற்குள் அடி விழுந்திருக்கிறது. வெறுமையான பகுதி தட்டையாகச் சற்று அகன்றிருக்கும், அங்கே விளிம்புக் கோடுகளும் முழுதாக இருக்காது. ஆண்டும் தெரிய வேண்டும். ஆண்டு வெட்டுப்பட்டுவிட்டால் விலை பாதியாகும்.

அறிகுறி: பக்கம் திருப்பினால் தலைகீழாக நிற்கிறது

விக்டோரியா முதல் ஆறாம் ஜார்ஜ் வரை, தலையை நிமிர்த்திப் பிடித்து நாணயத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் பூப்பக்கமும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். மேலிருந்து கீழாகத் திருப்பிவிட்டுத் தலைகீழ் என்று மலைக்காதீர்கள். பத்துப் பதினைந்து டிகிரி சரிவை விட்டுவிடுங்கள். 90க்கு மேல் என்றால் அச்சு உண்மையாகவே சுழன்று பொருந்தியிருக்கிறது. நல்ல விலைக்குப் போகும், ஆனால் இன்றைய ஸ்டீல் நாணயத்தின் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

அறிகுறி: எடையோ நிறமோ பொருந்தவில்லை

முதலில் ஆண்டைப் பாருங்கள். பல வேளைகளில் அங்கேயே பதில் இருக்கிறது.

1906 தேதியிட்ட எட்வர்ட் காலணா 4.85 கிராம்தான் இருக்கிறதா? அந்த ஆண்டில் செம்பும் அடித்தார்கள், எடை குறைந்த வெண்கலமும் அடித்தார்கள். இரண்டும் அசல், இரண்டும் முறைப்படி வந்தவை. 1907 முதல் 1910 வரை தேதியிட்டது 6.47 கிராம் காட்டினால் மட்டும் பேச்சு ஆரம்பிக்கலாம்.

அரையணா, ஓரணா, இரண்டணா மஞ்சளாக இருக்கின்றனவா? 1942 முதல் 1945 வரை போர்க்கால நிக்கல் தட்டுப்பாட்டில் நிக்கல் கலந்த பித்தளையில் அடித்தார்கள். தங்கமல்ல, தவறான தகடும் அல்ல.

ஆண்டு பதில் சொல்லாவிட்டால் நீர் எடை பாருங்கள். பாதி தண்ணீர் உள்ள டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியில் படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். முழு எடை 11.66 கிராம் உள்ள, 1940க்கு முந்தைய நல்ல வெள்ளி ரூபாய்க்குத் தராசு சுமார் 1.13 காட்டும். 1.3ஐ நெருங்கினால் வெள்ளிப் பூச்சுக்கு அடியில் செம்புக் கலவை இருக்கிறது. காசு செலவில்லாமல் இதைவிடத் திடமான சோதனை வேறு இல்லை.

அடுத்த படி நகைக்கடையின் எக்ஸ்ரே சோதனைக் கருவி. சிறு தொகைக்குச் செய்து தருவார்கள். ஆனால் அது மேல்பரப்பை மட்டுமே படிக்கும். தடித்த பூச்சு அதை ஏமாற்றும். ஆகவே நீர் எடையும் எக்ஸ்ரேயும் ஒத்துப்போனால்தான் நம்புங்கள்.

அறிகுறி: கூடுதலாக ஒரு புள்ளி, ஓர் எழுத்து

பிழை என்று நினைத்து வருபவற்றில் ஏமாற்றம் அதிகம் தரும் தலைப்பு இது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அடியிலுள்ள தாமரைக்குக் கீழே சிறு புள்ளி என்றால் பம்பாய் நாணயச்சாலை. புள்ளி இல்லாவிட்டால் கல்கத்தா. விக்டோரியா நாணயங்களில் ஆங்கில "பி" பம்பாய், "சி" கல்கத்தா. போர்க்காலத்தில் "எல்" லாகூர்.

1835 நான்காம் வில்லியம் ரூபாயில் தலை உருவத்தின் கழுத்து முடியும் வெட்டின் மேல் "எஃப்" அல்லது "ஆர்எஸ்" எழுத்துகள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 1840 ரூபாயில் ராணியின் பெயர் தலைக்கு மேல் தொடர்ச்சியாக ஓடும் வகையும், தலையின் இருபுறமும் பிரிந்து நிற்கும் வகையும் உண்டு. 1858 காலணாவில் மாலையின் நுனியில் ஒற்றை இலையும் உண்டு, இரட்டை இலையும் உண்டு. இவையெல்லாம் அச்சு வகைகள். பிழையல்ல, ஆனால் ஒரு வகை மற்றதைவிட அரிது என்பதால் எண்ணிப் பிரித்து வைப்பது வீண்வேலையும் அல்ல.

1862 ரூபாய்தான் இதில் ராஜா. அந்த ஆண்டை மாற்றாமலே 1874 வரை அடித்துக்கொண்டிருந்தார்கள். எந்த வருடம் அடித்தது என்று காட்டப் பூப்பக்கத்தில் ஆண்டைச் சுற்றிப் புள்ளிகள் வைத்தார்கள். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று லென்ஸில் எண்ணுங்கள். தேய்ந்த நாணயத்தில் புள்ளி மறைந்திருக்கும். இல்லாத புள்ளியை ஊசியால் எழுப்பியவர்களும் உண்டு. அசல் புள்ளி அரைக்கோளமாக உருண்டிருக்கும், அடியைச் சுற்றிப் பள்ளம் இருக்காது. ஊசிப் புள்ளியைச் சுற்றி உலோகத்தைத் தள்ளிய பள்ளம் இருக்கும்.

அறிகுறி: ஓட்டைக் காலணாவில் ஓட்டை நடுவில் இல்லை, அல்லது ஓட்டையே இல்லை

1943 முதல் 1947 வரை வந்த பைசா இது. ஓட்டை நகர்ந்து எழுத்தைத் தின்றிருந்தால் உட்சுவரைப் பாருங்கள். வயதுக்கேற்ற அதே கருமை, அச்சடித்தபோது ஓட்டையின் ஓரம் அமுங்கிய தடம் இரண்டும் வேண்டும். உட்சுவர் மட்டும் பளிச்சென்று, திருகு வரிகளோடு இருந்தால் துளைப்பான் வேலை. ஓட்டையே இல்லையென்றால் நடுவில் வட்ட இணைப்புக் கோட்டைத் தேடுங்கள். கிரீடம் உருண்டும் தட்டையாகவும் இரு வகை உண்டு. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அறிகுறி: அடியில் வேறொரு நாணயத்தின் நிழல்

மெட்ராஸ் அரை வராகன், கால் வராகன் வெள்ளி நாணயங்களா? ஒரு பக்கம் கோபுரமும் நட்சத்திரங்களும், மறுபக்கம் பெருமாளும் இருக்கும். தமிழிலும் தெலுங்கிலும் மதிப்பு எழுதியிருக்கும். 1807, 1808 வாக்கில் ஸ்பானிய டாலர்களை உருக்காமல் அவற்றின் மேலேயே அரை வராகன் அடித்தார்கள். கோபுரத்தின் ஊடே லத்தீன் எழுத்தின் ஒரு கால், ஸ்பானிய அரசரின் நெற்றி வளைவு தெரிவது அதனால்தான். பெருமாளைச் சுற்றியுள்ள புள்ளி வட்டம் அந்த நிழலின் மேல் முழுக் கூர்மையோடு ஏறியிருக்க வேண்டும். நிழல் மேலே, புள்ளிகள் நசுங்கி அடியில் என்றால் பிற்பாடு நெருக்கியது.

வீட்டில் வைத்துத் தீர்மானிக்கும் நாணயமல்ல இது. அசல் என்று பாதி தோன்றினாலும் உறையில் போட்டு, நாணயவியல் சங்கத்தில் மெட்ராஸ் மாகாண நாணயம் தெரிந்தவரிடம் நேரில் காட்டுங்கள். படம் அனுப்பி விலை கேட்காதீர்கள்.

அறிகுறி: ஆண்டு அரியது, ஆனால் நாணயம் எங்கேயோ இடிக்கிறது

1911 ஐந்தாம் ஜார்ஜ்: மன்னரின் அங்கியில் தொங்கும் இந்தியப் பேரரசு விருதுச் சங்கிலியில் உள்ள யானைக்குத் துதிக்கை குட்டையாகிப் பன்றிபோல் தெரிந்தது. எதிர்ப்பு வந்ததும் 1912ல் யானையைத் திருத்தினார்கள். எனவே 1911 என்ற எண்ணோடு நீண்ட துதிக்கையுள்ள தெளிவான யானை இருந்தால் அது 1912ஐயோ 1917ஐயோ சுரண்டியது. 7ன் தலையை வழித்தால் 1 ஆகிவிடும். கடைசி 1ஐச் சுற்றித் தளம் வழுவழுப்பாக, சற்றுத் தாழ்ந்திருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பாருங்கள்.

1939 ஆறாம் ஜார்ஜ் ரூபாய்: போலிக்கு மிகவும் இலக்கானது. சுலபமான வழி 1938ன் 8ஐ 9 ஆக்குவது. கடைசி எண்ணை முன்னாலுள்ள 9ன் மேல் மனத்தால் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கருவியில் பிறந்த வடிவமாக இருக்க வேண்டும். வெட்டிய 8க்கு இடது கீழ்ப்பகுதியில் வெட்டுமுனை மொட்டையாக நிற்கும். அசல் 9ன் வால் மெலிந்து முடியும். எண்ணின் அடியைச் சுற்றி மெல்லிய கோடு தெரிந்தால் ஒட்டியது. நீர் எடையும் நல்ல வெள்ளி என்றே சொல்ல வேண்டும், விளிம்பு சாதாரணக் கோடுகளாகவே இருக்க வேண்டும், பம்பாய்ப் புள்ளியும் இருக்க வேண்டும். எல்லாம் பொருந்தினாலும் தர நிர்ணய நிறுவனத்தின் முத்திரையிட்ட உறை இல்லாமல் இதை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். உறைக்கு ஆகும் கட்டணம் நாணயத்தின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை. காலணா லக்கிக்கு அதே கட்டணம் கட்டினால் நஷ்டம்.

இன்னொன்று: நூறு ஆண்டைத் தாண்டிய நாணயம் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். தர நிர்ணயத்துக்கு என்று நீங்களாகவே வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்பாதீர்கள். மண்ணில் தோண்டிக் கிடைத்தது என்றால் 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். என்னிடம் கொண்டு வருவதற்கு முன்னால்.

அறிகுறி: கம்பெனி அணாவில் ராமர், அனுமன், லட்சுமி

1616, 1717, 1818, 1839 என்று ஏதோ ஓர் ஆண்டு, "ஈஸ்ட் இந்தியா கம்பெனி", "அரை அணா" அல்லது "ஓர் அணா" என்று ஆங்கிலம், மறுபக்கம் சாமி. எடையும் போட வேண்டாம், லென்ஸும் வேண்டாம். கம்பெனி இப்படி ஓர் அணா அடித்ததே இல்லை. மேலே சொன்ன மெட்ராஸ் வராகனில் பெருமாள் இருப்பது உண்மை, ஆனால் அது வேறு குடும்பம். இந்தச் செம்பு சாமி அணா பிற்காலத்தில் கோயில் வாசல்களில் விற்ற அலங்கார வில்லை. அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டுக் கம்பெனி கோடிக்கு வாங்கும், சோதனைக்கு முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் போக வேண்டிய இடம் நாணய நிபுணர் அல்ல, காவல் நிலையம்.